லிண்டல் வரை

என் பழைய கைபேசியில் ஒரு படம் இருக்கிறது. கீற்றுக் கொட்டகை, அதன் வாசலில் ஆதார் அட்டையை நெஞ்சோடு பிடித்தபடி ஓர் அம்மா, ஓரத்தில் முளையில் கட்டிய ஆடு. அட்டையைப் பிடிக்கும்படி நான் சொல்லவில்லை. அரசாங்க ஆள் படமெடுக்க வந்தால் கையில் ஏதாவது காகிதம் இருந்தாக வேண்டும் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். அவர் நினைத்தது எவ்வளவு சரி என்பது எனக்குப் பிடிபட இரண்டு வருடம் ஆயிற்று.

2017இல் அந்த வேலையில் சேர்ந்தேன். படிப்பு சிவில் டிப்ளமோ. காவிரிக் கடைமடைப் பக்கம் பதினைந்து வார்டு கொண்ட ஒரு பேரூராட்சி. பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில், சொந்த மனையில் தாங்களே வீடு கட்டிக்கொள்பவர்களுக்கு மானியம் தரும் பகுதி ஒன்று உண்டு. அதில் ஒப்பந்தப் பொறியாளர் நான். பெயர்தான் பொறியாளர், பார்த்தது படமெடுக்கும் வேலை. வீட்டுக்கு ஐந்து படம். காலி மனை, பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப், முடிந்த வீடு. ஒவ்வொன்றும் இஸ்ரோவின் புவன் தளத்தில் அட்சரேகை, தீர்க்கரேகையோடு ஏற வேண்டும். காலி மனைக்குக் காசு கிடையாது. மற்ற நான்குக்கும் படத்துக்கொரு தவணை. படம் ஏறாமல் பைசா இறங்காது. அதனால் ஊரில் எனக்கு ‘போட்டோ சார்’ என்று பெயர்.

மானியம் அப்போது மொத்தம் 2.10 லட்சம். மத்திய அரசு 1.50 லட்சம், மாநில அரசு 60,000. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு மேல் போகக்கூடாது, குடும்பத்தில் யார் பேரிலும் நாட்டில் எங்கும் கான்கிரீட் வீடு இருக்கக்கூடாது. வீட்டின் அளவு 30 சதுர மீட்டர். அடிக்கணக்கில் 323, எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குப் புரிகிற குழிக்கணக்கில் இரண்டேகால் குழிக்குக் கொஞ்சம் குறைவு. ‘நாத்தங்காலே இதைவிடப் பெரிசா விடுவோமேப்பா’ என்று ஒரு பெரியவர் சிரித்தார். சிரித்துவிட்டு விண்ணப்பமும் போட்டார்.

கணக்கை நேராகப் பார்ப்போம். அந்த வருடங்களில் சதுர அடிக்கு 1,500 ரூபாய் என்று கையை இறுக்கிப் பிடித்துக் கட்டினாலும் 323 அடிக்கு 4.84 லட்சம் ஆகும். மானியம் போக மீதி இரண்டே முக்கால் லட்சம். அதை யார் தருவது? பயனாளியே முன்னின்று கட்டுவது என்ற அந்தப் பகுதியின் பெயரிலேயே விடை இருக்கிறது: பயனாளி. தோடு அடகுக்குப் போகும், மகளிர் குழுவில் ஒரு கடன், வாரத் தவணைக்காரரிடம் ஒரு கடன், மச்சான் திருப்பூரிலிருந்து அனுப்பும் பத்தாயிரம். கொட்டகை இருந்த இடத்தில்தான் வீடு வர வேண்டும் என்பதால் கொட்டகையைப் பிரித்தாக வேண்டும். பிரித்த நாளிலிருந்து வாடகை. வீடு நின்றுபோனால் கடன், வட்டி, வாடகை மூன்றும் சேர்ந்து ஓடும். திட்ட அறிக்கையில் இந்த வாடகைக்கு ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை.

எங்கள் பேரூராட்சியின் கிழக்கு எல்லை ஒரு தார் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிராம ஊராட்சி. 2011இல் வந்த சூரிய மின்சக்தி பசுமை வீடுகள் அந்தப் பக்கம்தான் வந்தன: 300 சதுர அடி, 1.80 லட்சம், முழுதும் மாநில அரசின் பணம். அதற்கு முந்தைய வருடம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டமும் அந்தப் பக்கம்தான். நூறு நாள் வேலையும் அங்கேதான். நான் வேலையை விட்ட பிறகு, 2024இல் வந்த கலைஞர் கனவு இல்லத்தில் 360 சதுர அடிக்கு 3.50 லட்சம். அதுவும் ஊராட்சிகளுக்கே. ரோட்டின் இரு புறமும் ஒரே சாதி சனம், ஒரே கூலி, ஒரே கீற்று. மேற்கே இருப்பவன் நகரவாசியாம். எந்த நகரம்? பேருந்து நிலையம் என்று ஒரு நிழற்குடை, இரண்டு ஏ.டி.எம்., அதில் ஒன்றில் எப்போதும் பணம் இருக்காது.

இந்தக் கூத்து எங்களுக்குப் புதிதல்ல. 2004இல் பேரூராட்சிகளைச் சிறப்பு கிராம ஊராட்சி என்று மாற்றினார்கள், ஊரக வளர்ச்சிப் பணம் வரட்டும் என்று. 2006இல் மறுபடி பேரூராட்சி. இரண்டு வருடம் கிராமமாக இருந்துவிட்டு நகரத்துக்குத் திரும்பினோம், ஒருவரும் வீடு மாறாமலே.

ஆனால் பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் என் தொழிலில் நான் கற்றதைச் சொன்னதாகாது. என் பட்டியலிலிருந்து வீடு வராமல் போனவர்களில் பெரும்பாலோர் பணத்தால் போகவில்லை, மனையால் போனார்கள். சொந்த மனையில் கட்டுபவருக்கு மானியம் என்றால் முதல் கேள்வி, மனை யார் பேரில்? இந்தக் கேள்வியை நான் ஒரு வீட்டு வாசலில் கேட்டால் பத்து நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு உள்ளேயிருந்து ஒரு தகர டிரங்குப் பெட்டி வரும். அதில் கல்யாணப் பத்திரிகை, மின்சார அட்டை, இறந்தவரின் ரேஷன் கார்டு, அடியில் நான்காக மடித்து மடிப்பில் கிழிந்த நத்தம் பட்டா. அதில் இருப்பது தாத்தா பெயர்.

நத்தம் நிலவரித் திட்டத்தில் பட்டா கொடுத்தபோது வீட்டுக்கு மூத்தவர் பெயரில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் நான்கு பேர், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் பேச்சுவார்த்தையில்லாமல் அடுத்த தெருவில். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்றவர்களின் விடுதலைப் பத்திரம், உட்பிரிவு, பெயர் மாற்றம். படமெடுக்கும் நேரத்தைவிட அதிக நேரம் நான் கிராம நிர்வாக அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். என் வேலைப் பட்டியலில் அது கிடையாது. ஆனால் என்னை விட்டால் அவர்களுக்கு அந்தக் காகிதங்களின் வரிசை சொல்ல ஆளும் கிடையாது.

பட்டா தாத்தா பெயரிலாவது இருந்தால் அதிர்ஷ்டம். வாய்க்கால் கரையில் இருப்பவர்களுக்கு வழியே இல்லை. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது, அங்கே பட்டா கேட்பது வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது மாதிரி. விண்ணப்பம் கொடுத்தால் ஆக்கிரமிப்பை நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அந்தக் கரைக்கு நான் போனபோதெல்லாம் அவர்கள் என்னைத் தவிர்த்தார்கள். சரியாகத்தான் செய்தார்கள்.

அப்புறம் கோயில் மனை. வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. டெல்டாவில் தெருத் தெருவாக நிலம் சாமிக்குச் சொந்தம். மேலே நிற்கும் சுவர் குடியிருப்பவருடையது, கீழே இருக்கும் அடிமனை கோயிலுடையது. மாதா மாதம் அடிமனை வாடகை. 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி கோயில் நிலத்தை விற்கவோ ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். அந்தக் காவல் இல்லையென்றால் இந்நேரம் பாதிக் கோயில்களுக்கு நிலமே மிஞ்சியிருக்காது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் மேல வீதியில் கூரை ஒழுகும் வீட்டில் இருந்த பெரியப்பா முறையான ஒருவர் என்னிடம் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ‘நாலு தலைமுறையா இங்கதான் இருக்கோம். சாமிகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்றியா தம்பி?’ அந்த வீதியில் என் ஆறு வருடத்தில் நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

காகிதம் சரியாகிவிட்டால் அடுத்தது மண். எங்கள் மண் களி. சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில் உப்பி எழும். அதன்மேல் நேராகச் சுவரெழுப்பினால் மூன்றாம் வருடம் மூலையிலிருந்து ஜன்னல் வரை படிக்கட்டு மாதிரி விரிசல் இறங்கும். நான்கைந்து அடி வானம் தோண்ட வேண்டும், அடியில் மணல் நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக்க வேண்டும், சுவருக்குக் கீழே சுற்றிலும் பிளிந்த் பீம் ஓட்ட வேண்டும். அப்புறம் பேஸ்மட்டத்தின் உயரம். ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, எண்பதுகளில் கட்டிய தொகுப்பு வீடுகளுக்குள் இப்போது இரண்டு படி இறங்கித்தான் போக வேண்டும். அதைப் பார்த்த சனம் பேஸ்மட்டத்தை மூன்றடி, மூன்றரை அடி தூக்குகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் போகும் பணம் அது. மானியக் கணக்கு போட்டவர்கள் செம்மண் பூமியை நினைத்துப் போட்டிருக்க வேண்டும்.

செலவைக் குறைக்க நானும் வித்தை காட்டிப் பார்த்தேன். ஒரு விடுமுறையில் திருவனந்தபுரம் போய், செலவு குறைத்துக் கட்டுவதற்குப் பெயர்போன கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் அங்கே கட்டிய வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தைச் சுற்றிவிட்டு வந்தேன். பூசாத செங்கல் சுவரும் ஓட்டைச் சுவரின் வழியே வரும் வெளிச்சமும் என்னைப் பிடித்துக்கொண்டன. எலிப்பொறிக் கட்டு என்பார்கள்: செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவது. சுவர் ஒன்பது இஞ்ச்தான், நடுவே வெற்றிடம் விழும். செங்கல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம், வீடும் குளிர்ச்சி. ஊருக்கு வந்து எங்கள் மேஸ்திரியிடம் தாளில் வரைந்து காட்டினேன். முப்பது வருடம் கரண்டி பிடித்த கை. தாளை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

‘தம்பி, எலிப்பொறியோ பூனைப்பொறியோ, கல்லு ஒரே அளவா இருந்தாத்தான் நிக்கும். நம்ம சூளைக்கல்லு ஒண்ணு அண்ணன், ஒண்ணு தம்பி.’

உண்மைதான். வயல் மண்ணை அறுத்துச் சுடும் எங்கள் நாட்டுச் செங்கல் வளைந்தும் நெளிந்தும் இருக்கும். கலவையை அள்ளி அப்பித்தான் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அளவான சேம்பர் கல் வாங்கினால் மிச்சம் பிடித்தது லாரி வாடகைக்கே சரியாகிவிடும். இருந்தும் பிடிவாதமாக ஒரு வீட்டில் ஒரு சுவரை மட்டும் அப்படிக் கட்ட வைத்தேன். நன்றாகவே வந்தது. வீட்டுக்கார அக்கா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். ‘பூசாத செவுத்துக்குக் கீழ பொண்ணு கேட்டு வர்றவங்க உக்காருவாங்களா சார்?’ அடுத்த வாரம் அதன்மேல் சிமெண்ட் பூச்சு ஏறியது. மிச்சமான செங்கல்லின் காசு பூச்சில் போயிற்று. பேக்கரின் கட்டடங்கள்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அவை வீட்டைப் பற்றிப் பயம் இல்லாதவர்களுக்கு. பாதியில் நின்ற வீடு என்று ஊர் சொல்லிவிடுமோ என்ற பயத்தோடு கட்டுபவர்களுக்குப் பூச்சு என்பது அலங்காரம் அல்ல.

இப்போது லிண்டலுக்கு வருகிறேன். எங்கள் ஊரில் நடந்துபோனால் எந்த வீடு மானிய வீடு என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். ஏழடி உயரத்தில் ஜன்னல் தலைக்கு மேலே கான்கிரீட் பட்டை ஓடும், அதோடு நிற்கும். மேலே வானம். ஏன் அங்கேயே நிற்கிறது? அதுவரை செலவு சுவர் சுவராக, கூலி கூலியாகப் போகும். இந்த வாரம் காசில்லையென்றால் அடுத்த வாரம் இரண்டு வரி கட்டலாம். ரூஃப் அப்படி இல்லை. சென்டரிங் வாடகை, ரூஃபுக்கும் பீமுக்குமாக அரை டன் கம்பி, முப்பது மூட்டை சிமெண்ட், ஜல்லி, கலவை மிஷின், இருபது ஆள், எல்லாமே ஒரே நாளில் கைக்கு வந்தாக வேண்டும். பாதி ரூஃப் போட முடியாது. ஆனால் ரூஃபுக்கான தவணை, ரூஃப் போட்டுப் படம் ஏற்றிய பிறகுதான். கையில் காசு இல்லாதவருக்குத்தான் திட்டம், காசைப் போட்டுக் காட்டியவருக்குத்தான் தவணை. இந்த ஒன்றை மாற்றி, லிண்டல் படத்தோடு ரூஃபுக்கான பணத்தையும் முன்கூட்டிக் கொடுத்திருந்தால் என் பட்டியலில் நின்றுபோன வீடுகளில் பாதியாவது மூடியிருக்கும். ஏமாற்றிவிடுவார்கள் என்பார்கள். லிண்டல் வரை கடன் வாங்கிக் கட்டியவர் வீட்டை விட்டுவிட்டு எங்கே ஓடுவார்?

இதில் நானும் ஒரு தப்பு செய்தேன். ஆட்டோ ஓட்டும் ஒருவர். முன் சுவரும் ஒரு பக்கச் சுவரும் லிண்டல் தொட்டிருந்தன, பின் சுவர் ஜன்னல் மட்டத்தோடு நின்றது. ‘முன்னாடி நின்னு எடுத்துருங்கண்ணே, பணம் வந்ததும் பின்னாடி ஏத்திடுவேன்’ என்றார். வீட்டில் உடம்பு முடியாத குழந்தை. முன்னாடி நின்றே எடுத்தேன். பணம் வந்தது, மருத்துவத்துக்குப் போனது. பின் சுவர் அப்படியே நின்றது. பிறகு மேலதிகாரிகள் நாலு பக்கமும் படம் கேட்டபோது பின் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தது. லிண்டல் தவணை ஏற்கெனவே வாங்கியாயிற்று, அந்தச் சுவருக்கு இனி எந்தக் கணக்கிலும் காசு கிடையாது. கண்டிப்பாக இருந்திருந்தால் குறைந்தபட்சம் அந்தத் தவணை பாக்கியாவது இருந்திருக்கும். எனக்கு ஒரு குறிப்பாணை கிடைத்தது. அவருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

அடுக்குமாடி கட்டிக் கொடுத்தால் மனைத் தகராறே இல்லையே என்று கூட்டங்களில் கேட்பார்கள். 1970இல் குடிசை மாற்று வாரியம் பிறந்தபோது சென்னையை மனதில் வைத்துப் பிறந்தது. அங்கே நிலமில்லை, மேலே போவதைத் தவிர வழியில்லை. எங்கள் ஊரில் ஊருக்கு வெளியே மூன்றாம் மாடியில் வீடு கொடுத்தால் ஆட்டை எங்கே கட்டுவது, நெல்லை எங்கே காயப்போடுவது, சாவுக்கு எங்கே பந்தல் போடுவது? இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

முதல் படத்து அம்மாவைச் சொல்லி முடிக்கிறேன். கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவர். கணவர் இல்லை, பட்டா மாமனார் பெயரில். பட்டியலில் அவர் பெயர் 2017இலேயே வந்துவிட்டது, சரிபார்த்தபோது பட்டா இடித்ததால் வேலை உத்தரவு நின்றது. கொழுந்தனார் கையெழுத்துப் போட்டார். நாத்தனார் திருப்பூரில். ‘அண்ணன் வீட்டுல எனக்குன்னு இருந்தது அந்தத் திண்ணைதான், அதையும் எழுதிக் குடுக்கணுமா?’ என்று போனில் அழுதார். கேட்டது நியாயம்தான், என் கையில்தான் அதற்குப் படிவம் இல்லை. கடைசியில் ஒரு தீபாவளிக்கு வந்தவர் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அண்ணியின் கொட்டகையில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போனார். காகிதம் எல்லாம் கைக்கு வந்தபோது 2019 முடியப் போகிறது. தைக்குப் பிறகு வானம் தோண்டி, பேஸ்மட்டம் முடித்துப் படம் ஏற்றினேன். மார்ச்சில் ஊரடங்கு. கோயில் பூட்டு, பூ வியாபாரம் பூட்டு. 2021இல் ஒருவழியாக லிண்டல் வந்தது. அதற்குள் அவர் கணக்கு வைத்திருந்த வங்கி இன்னொன்றோடு இணைந்து குறியீடு மாறிவிட, தவணை திரும்பிப் போய் மறுபடி வர நான்கு மாதம். முன்பு கிலோ ஐம்பதுக்குள் வாங்கிய கம்பி எழுபதை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. காகிதத்துக்காகப் போன அந்த இரண்டு வருடம் இல்லையென்றால் 2018 விலையில் அவர் ரூஃப் போட்டிருப்பார். என் நோட்டில் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறேன், இடித்திருக்காது.

அந்த ஐப்பசி மழைக்கு முன் அவர் லிண்டல்மேல் நான்கு வரி கட்டி, இரும்புக் குழாய் போட்டுத் தகரம் வேய்ந்து குடிபுகுந்தார். தகரத்துக்குத் தவணை கிடையாது. நான் 2023இல் வேலையை விட்டபோது புவன் தளத்தில் அவர் வீடு லிண்டலிலேயே இருந்தது. போன மாதம் அந்த வழியாகப் போனேன். டிரங்குப் பெட்டியிலிருந்து பட்டாவை எடுத்துக் காட்டினார், இப்போது பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது, அவர் பெயரில்.

இதைப் படிக்கிறவர் வீட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். பட்டாவை எடுத்து யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா பெயர் இருந்தால், கையெழுத்துப் போட வேண்டியவர்கள் எல்லோரும் உயிரோடும் பேச்சுவார்த்தையோடும் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.